பதினான்கு மாத ஷிப்ட்

துணை மின்நிலையத்தின் வாசலில் மஞ்சள் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. "தானியங்கி நிலையம். இங்கே பணியாளர் இல்லை." பலகைக்கு இருபதடி உள்ளே, கொடியில் ஒரு ஆளின் சட்டை காய்கிறது.

சட்டைக்குச் சொந்தக்காரருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர்தான். இருபத்திரண்டு வயதில் கம்பம் சுமக்கும் கூலியாக மின்வாரியத்துக்குள் நுழைந்து, இரவுப் பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி, சுவிட்சுகளின் முன்னால் உட்காரும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர். யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தேன் என்பதை அவர் அடிக்கடி சொல்வார். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் அவருக்குச் சிபாரிசு தேவைப்பட்டது.

மின்நிலையங்களில் ஒரு சட்டம் உண்டு. பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ரிலீவர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை, பொறுப்பில் இருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. அம்மா செத்துப்போனாலும் கூடாது. இது வெறும் சம்பிரதாயமில்லை. எட்டு வருடங்களுக்கு முன் பக்கத்து நிலையத்தில் ஒருவர் டீ குடிக்கப் போனார். கம்பத்தில் ஆள் ஏறியிருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் இல்லாத நேரத்தில் வந்த வேறொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். கம்பத்திலிருந்து அந்த உடலை இறக்கியவர்களில் நம் ஆபரேட்டரும் ஒருவர். அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு அவர் பொறுப்பேற்றார். இரண்டு மணிக்கு ரிலீவர் வர வேண்டும். அன்று பகல் தலைநகரில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இந்த நிலையம் முழுக்கத் தானியங்கியாகிவிட்டது என்ற சான்றிதழில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டரைக்கு நிலையத்தின் மூன்று பணியாளர்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான்காவது பணியிடம், அதாவது இவருடையது, ரத்தானது. ரிலீவர் சந்தோஷத்தில் நேராகப் பஸ் ஏறிவிட்டார். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று, மறுநாளும் ஆயிற்று. யாரும் வரவில்லை.

சம்பளம் மட்டும் வேறெங்கோ ஒரு கிடங்குக் காவலாளி என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. அவர் எழுதிய ஒன்பது கடிதங்களுக்கும் ஒரே பதில் வந்தது: பணியிடமே இல்லாத நிலையத்துக்கு மாற்றுப் பணியாளர் கோர இயலாது.

அக்கம்பக்கத்தில் இதைத் தலையெழுத்து என்றார்கள். தலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியதெல்லாம் தட்டச்சு செய்த தாள்களில், தேதியோடும் கையெழுத்தோடும் இருந்தது.

அந்தத் தாள்களின் கதை இதுதான். நாட்டின் மின்துறையை நவீனமாக்க வெளிநாடுகள் கடன் கொடுத்தன. ஒரு நாட்டின் கடனில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. டிரான்ஸ்பார்மரின் சூடு, அழுத்தம், ஓடும் மின்சாரம் எல்லாவற்றையும் தானே அறிந்து தலைநகரத்துத் திரைக்கு அனுப்பும் பெட்டி. அந்தப் பெட்டியை டிரான்ஸ்பார்மரோடு இணைக்க வேண்டிய கேபிள் இன்னொரு நாட்டின் கடனில் வர வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்காக இரண்டு கம்பெனிகள் கோர்ட்டில் நிற்கின்றன. ஆகவே பெட்டி கட்டுப்பாட்டு அறையின் மூலையில் பச்சை விளக்கோடு நிற்கிறது. தனக்கு மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அதற்கு உலகத்தில் வேறெதுவும் தெரியாது.

பெட்டி வந்த அன்றே ஒப்பந்தக்காரர்கள் பழைய அபாய மணியைக் கழற்றிவிட்டார்கள். சூடு மிஞ்சினால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் பழைய ஏற்பாட்டையும் கழற்றினார்கள். "காலாவதியான சாதனங்களை அகற்றுதல்" அவர்கள் பட்டியலில் இருந்தது. அதை மட்டும் நாள் தவறாமல் செய்தார்கள். அதன்பிறகு அந்த டிரான்ஸ்பார்மருக்குக் காவல் ஒரு ஜோடிக் கண்கள்தான். வேலிக்கு மறுபக்கம் வரிசையாக வீடுகள், அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடம். டிரான்ஸ்பார்மருக்குள்ளே, சூடு மிஞ்சினால் தீப்பிடிக்கும் பதினைந்தாயிரம் லிட்டர் எண்ணெய்.

இயந்திரம் வந்தால் ஆள் போகலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. இயந்திரம் வருவதற்கு முன்பே ஆளை ரத்து செய்துவிட்டு, இயந்திரம் வேலை செய்வதாக அந்த ஆளையே வைத்து நாடகம் ஆடுவதற்குப் பெயர் அயோக்கியத்தனம். அந்த நாடகம் இப்படித்தான் தொடங்கியது. சான்றிதழில் கையெழுத்தான மூன்றாம் நாள், தலைநகரத்துத் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள்.

"அண்ணே, உங்க ஸ்டேஷன் கட்டம் மட்டும் காலியா இருக்கு. மேல இருந்து உயிரை எடுக்கறாங்க. மீட்டரைப் பாத்து நம்பரைச் சொல்லுங்கண்ணே, நானே அடிச்சுடறேன். ரெண்டு நாளைக்குத்தான்."

அவர் சொன்னார். டிரான்ஸ்பார்மர் சூடாவது தலைநகரத்தில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லதுதானே என்று நினைத்தார். இரண்டு நாள் பதினான்கு மாதம் ஆயிற்று. காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை மணிக்கொரு தடவை போன். அவர் தூங்கும் நேரத்துக்கான ஏழு எண்களைக் காலை ஆறு மணிக்கு மொத்தமாகக் கேட்டுக்கொள்வாள்.

ஆண்டறிக்கை வந்தபோது அவருடைய மேலதிகாரியான செயற்பொறியாளர் போனில் கூத்தாடினார்.

"என்னய்யா, சேதி தெரியுமா? முப்பத்தோரு ஸ்டேஷன்ல தப்பே இல்லாத டேட்டா உன் ஸ்டேஷன்தான்! முதலிடம்!"

"என் ஸ்டேஷன்னு எழுதியிருக்காங்களா சார்?"

"ஆளில்லா ஸ்டேஷன்களில் முதலிடம்னு எழுதியிருக்காங்க."

அவர் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாரோ, அவ்வளவுக்கு அவர் தேவையில்லை என்பது நிரூபணமாயிற்று.

வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. அந்த வீட்டுக்கு அவர் போய் பதினான்கு மாதம். மனைவி நர்ஸ். டியூட்டி முடிந்து, மகளையும் அழைத்துக்கொண்டு சாயங்காலம் சாப்பாட்டோடு வருவாள். கட்டுப்பாட்டு அறை மேஜையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு சாயங்காலம், பாத்திரத்தை மூடிக்கொண்டே மனைவி சொன்னாள்:

"பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சாச்சு. பதினொண்ணாம் தேதி சேரணும். பாப்பாவுக்கும் அந்த ஊர்லயே ஆறாம் வகுப்புக்கு இடம் சொல்லிட்டேன். பத்தாம் தேதி பதினோரு மணி பஸ்ஸுக்கு மூணு டிக்கெட் போட்டிருக்கேன்."

"மூணா?"

"பின்னே? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தச் சாம்பல் பொட்டியைத் தூக்கி உக்கார வைக்கவா?"

"ரிலீவர் வராம எப்படி வர்றது, நீயே சொல்லு."

"வாசல்ல போர்டு வச்சிருக்கான், இங்க ஆளே இல்லைன்னு. இல்லாத ஆளு எங்க போனா யாருக்கு என்ன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல அப்பா எங்கன்னு கேட்டா இவ 'உள்ள இருக்கார்'னு சொல்றா. டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எத்தனை வருஷம் போட்டாங்க?'ன்னு கேக்கறாங்க."

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலைங்க. பத்தாம் தேதி நாங்க போறோம். நீங்க வந்தா குடும்பம். இல்லைன்னா ஆறு மணி நேரத் தூரத்துல ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்."

மறுநாள் அவர் செயற்பொறியாளருக்குப் போன் செய்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினார்.

"புரியாமப் பேசறியே," என்றார் செயற்பொறியாளர். "உனக்கு ரிலீவர் போடணும்னா அங்க போஸ்ட் இருக்கணும். போஸ்ட் இருந்தா அது ஆளில்லா ஸ்டேஷன் இல்ல. ஆளில்லா ஸ்டேஷன் இல்லைன்னா சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய்யின்னா அடுத்த கடன் கிடையாது. அடுத்த கடன்லதான்யா உன் கேபிளே வருது!"

"அப்ப என்னைப் போகச் சொல்லுங்க சார். எழுத்துல ஒரு வரி கொடுங்க."

"இல்லாத ஆளைப் போகச் சொல்லி எப்படி எழுதறது? சரி சரி, ஒன்பதாம் தேதி கடன் கொடுக்கறவங்க அனுப்பற வெளிநாட்டு நிபுணர் அம்மா நேர்ல வர்றாங்க, கடைசிப் பரிசோதனை. அது முடியட்டும். அன்னைக்கு நீ பேட்டரி ரூம்ல கதவைச் சாத்திட்டு இரு. துணியெல்லாம் வெளியில காயப்போடாதே."

ஞாயிறுதோறும் வந்து இரண்டு மணி நேரம் காவல் உட்கார்ந்து, இவரைத் தூங்க விடும் நண்பன் ஒருவன் உண்டு. லைன்மேன். உயரத்தினால் ஏணி என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் அவன் தொடையைத் தட்டினான்.

"மச்சான், நீ ஏன் ஆபீஸ்கிட்ட கெஞ்சறே? ஒன்பதாம் தேதி ஒரு நம்பரும் சொல்லாதே. போனை எடுக்காதே. அந்தம்மா திரையைப் பாத்தா காலி! மாட்டிக்குவானுங்க. ஒண்ணு, நாலு ஆளைப் போட்டாகணும். இல்ல, உன்னை வெளியில விட்டாகணும். பத்தாம் தேதி நீ பஸ்ல ஜன்னல் சீட்டு."

ஆபரேட்டருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உண்மை வெளியே வந்தால் நியாயம் நடக்கும் என்று நம்புகிறவர் அவர்.

ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. எடுக்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு மணிக்கும் போன் அலறி அடங்கியது. பத்து மணிக்கு அது அடிக்கவே இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. தலைநகரத்தில் இந்நேரம் கலவரம் நடந்துகொண்டிருக்கும் என்று அவர் நினைத்தார். பன்னிரண்டுக்குப் பொறுமை போய்விட்டது. அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, எங்க ஸ்டேஷன் கட்டம் எப்படியிருக்கு?"

"அண்ணே! உடம்புக்கு ஒண்ணுமில்லையே? பயந்தே போயிட்டேன்," என்றாள் அந்தப் பெண். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் சமாளிச்சுட்டேன். நேத்து நம்பரையே அங்கங்க ஒண்ணு கூட்டி, ஒண்ணு குறைச்சுப் போட்டேன். அந்த அம்மா நேத்து இங்க வந்திருந்தப்பவே உங்க ஸ்டேஷன் வளைகோடு ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்கண்ணே."

"சூடு என்ன போட்டிருக்கே?"

"அறுபத்து நாலு."

அவர் போனை வைத்துவிட்டு வெளியே போனார். அந்த வருடத்தின் கொடுமையான வெயில் அன்றுதான். ஊரில் ஒரு மின்விசிறி பாக்கியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரைக் குளிர்விக்கும் இரண்டு விசிறிகளில் ஒன்று நின்றிருந்தது, மோட்டார் கருகிய வாடை அடித்தது. சூட்டைக் காட்டும் முள் எண்பத்தெட்டில் நின்றது. அவர் மௌனமாக இருந்து கிளப்ப நினைத்த கலவரத்தின் லட்சணம் இதுதான். பொய் சொல்வதற்குக்கூட அவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. உண்மையாகவே தேவைப்பட்டது அந்த எண்ணெய்த் தொட்டிக்கு மட்டும்தான்.

நின்ற விசிறியை இரண்டு தடவை கையால் சுற்றிப் பார்த்தார். அது அசையவில்லை. அதற்குள் வாசலில் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. செயற்பொறியாளர் முதலில் இறங்கி, இவரைப் பார்த்து, ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினார். பேட்டரி ரூமுக்கு ஓடு என்று அர்த்தம். இருபத்து நாலு வருடப் பழக்கத்தில் கால்கள் தாமே ஓடின.

பேட்டரி ரூமில் நிற்கத்தான் இடம் உண்டு. அமில நெடி கண்ணை எரித்தது. மேலே கையகலத்துக்குக் காற்றோட்டத் துளை. அதன் வழியாகப் பார்த்தார். பருமனான, நரைத்த ஒரு பெண்மணி கணினியை ஜீப்பின் முன்பக்கத்தில் திறந்துவைத்திருந்தார். செயற்பொறியாளர் திரையைச் சுட்டிக்காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர்களுக்குப் பத்தடி பின்னால், டிரான்ஸ்பார்மரின் இரைச்சல் கனத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் கேட்டுப் பழகிய காது அது. தொண்ணூறைத் தாண்டிவிட்டது என்று முள்ளைப் பார்க்காமலே தெரிந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வேலிப்பக்கம் விளையாட வரும் நேரம்.

ஒளிந்திருந்தால் பரிசோதனை நல்லபடியாக முடியும். செயற்பொறியாளர் மனம் குளிர்ந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார். நாளை பஸ். இதை அவர் நினைக்காமலில்லை. நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்து வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் பிரேக்கர் பெட்டிக்குப் போய் கைப்பிடியைக் கீழே இழுத்தார். வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். இரைச்சல் அடங்கியது. தெருவில் எங்கோ ஒரு மாவு மில் மூச்சு விட்டு நின்றது. ஊர் முழுக்க அமைதி.

திரையில் பச்சை நிறத்தில், அறுபத்து நாலு என்று எழுதியிருந்தது.

நிபுணர் திரையைப் பார்த்தார். முள்ளைப் போய்ப் பார்த்தார். பிறகு டிரான்ஸ்பார்மரின் உடம்பைப் புறங்கையால் தொட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையால் தொடமாட்டார்கள், இந்த வேலையில் வளர்ந்தவர்கள். ஆபரேட்டருக்கு நெஞ்சில் ஒரு தெம்பு பிறந்தது. இந்த அம்மா நம் இனம்.

"ஆளில்லா ஸ்டேஷன்ல ஆள் எங்கிருந்து வந்தார்னு கேக்கறாங்க," என்றார் செயற்பொறியாளர், பல்லைக் கடித்தபடி.

"ரிலீவர் வரலைன்னு சொல்லுங்க. பதினாலு மாசமா வரலைன்னு சொல்லுங்க."

செயற்பொறியாளர் சொன்னார். இவருடைய நாலைந்து சொற்களுக்கு அவர் அந்த மொழியில் நீளமாக மூன்று வாக்கியங்கள் பேசினார். நிபுணரின் முகம் மாறியது. அவர் வந்து ஆபரேட்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று சொன்னதாகச் செயற்பொறியாளர் செத்த குரலில் மொழிபெயர்த்தார்.

அன்று சாயங்காலம், சூடு தணிந்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு, ஆபரேட்டர் தன் இரண்டு சட்டைகளையும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

பத்தாம் தேதி காலை ஒன்பதரைக்குச் செயற்பொறியாளரே நேரில் வந்தார். முகத்தில் கோபமில்லை, விடுதலை தெரிந்தது. நேற்றுச் சாயங்காலமே கூட்டம் போட்டு, குறிப்பு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டாயிற்று. நிபுணர் சொன்ன சொல் தவறவில்லை, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். பெட்டி வேலை செய்யவில்லை, எண்கள் பொய், கேபிள் அவசியம், எல்லாம். செயற்பொறியாளர் கடைசிப் பத்தியை மட்டும் மொழிபெயர்த்து வாசித்தார்:

"'தன் சொந்த விருப்பத்தின் பேரில் நிலையத்திலேயே தங்கிக் காத்துவரும் இப்பணியாளரின் அர்ப்பணிப்பு பாராட்டத்தக்கது. கேபிள் பணி முடியும்வரை இவரை இங்கிருந்து மாற்றக் கூடாது. இது அடுத்த தவணைக்கான நிபந்தனை.' உன் பேரே போட்டிருக்காங்கய்யா. வெளிநாட்டுக் காகிதத்துல!"

"சொந்த விருப்பம்னு யார் சொன்னது?"

செயற்பொறியாளர் காகிதத்தை மடித்தார்.

"ரிலீவர்?"

"ரிலீவரைப் பத்தி அவங்க எழுதலையே."

"கேபிள் எப்ப சார் முடியும்?"

"கோர்ட்டு சொல்லணும். இதோ பார், இனிமே உன் மேல யாரும் கை வைக்க முடியாது. நானே நினைச்சாலும் உன்னை மாத்த முடியாது. எவனுக்குய்யா கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு?"

பத்தரைக்கு மனைவியும் மகளும் வாடகை வண்டியில் வந்து இறங்கினார்கள். பின்னால் சைக்கிளில் ஏணியும் வந்தான். அவர் கதவருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

ஏணிக்குத்தான் தாங்கவில்லை. "என் யோசனையாலதான் இத்தனையும். நீ போ மச்சான். நிபந்தனையாவது மண்ணாவது. நான் இங்க உக்காந்துக்கறேன். எழுதிக் கேட்டா, ஆளில்லா ஸ்டேஷன்ல இப்ப வேற ஆளு இருக்கான்னு எழுதிக்கட்டும்."

ஆபரேட்டரின் பை கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்தார். மனைவியின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. வண்டிக்காரன் எஞ்சினைக் கிளப்பினான்.

"ஏணி," என்றார் அவர். "மத்தியானம் முள்ளு எண்பத்தெட்டுக்கு வந்தா என்ன பண்ணுவே?"

ஏணி யோசிக்கக்கூட இல்லை. "உனக்குப் போன் பண்ணுவேன்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிப்பெட்டியை வண்டிக்குள் தள்ளி வைத்தாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"அப்பா," என்றாள் மகள், "உங்களை உள்ள வச்சிருக்கிறது யாரு?"

அவர் யோசித்தார். பாவம், திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணா? கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவா? கோர்ட்டில் நிற்கும் முகமே தெரியாத கம்பெனிகளா? அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் மந்திரிகளா? ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்து மட்டும்தான் போட்டார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்குப் புரியும்படி ஒருவரையும் அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

"யாருமில்லடி," என்றாள் மனைவி. "அதான் கதவைத் திறந்துவிடவும் ஆளில்ல. ஏறு."

அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, கணவனைப் பார்த்து, "வேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள். வண்டி திரும்பியது. மகள் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டே போனாள். அவர் பதிலுக்குக் கையாட்டினார். வண்டி தெருமுனையில் மறையும்வரை கதவுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றிருந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கருகிய மோட்டாரைக் கழற்ற வேண்டும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஏணியைக் கூப்பிட்டபடியே உள்ளே நடந்தார்.